மீன் பெட்டி ஷீட் ஒட்டிய பானெட்

இந்தத் தீவில் வேகமாகப் போக இடமே கிடையாது. கோபத்தில் சொல்லவில்லை. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே போவது ஒரே பெரிய சாலை. அதில் வளைவு, ஏற்றம், மாடு, பள்ளிக்கூடம், முன்னால் எப்போதும் ஒரு பஸ். நேராக அரைக் கிலோமீட்டர் கிடைத்தால் அதன் ஓரத்தில் யாராவது பாக்கு காயப் போட்டிருப்பார்கள். இந்த ஊரில்தான் என் கணவர் ஒரு சின்னக் காருக்கு, வேகம் கூட்டும் டர்போ மாட்டினார்.

கார் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த பழைய கார். நாங்கள் கல்யாணமாகி, போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் குடிவந்த வருடம் வாங்கினோம். அப்போது அது எல்லாருடைய காரையும் போல இருந்தது. மகள் பிறந்து ஒரு வருடம் கழித்து, அந்தக் காருக்குள் ஏதோ மிருகம் ஒளிந்திருப்பதாக அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. தோன்ற வைத்தவர் அவருடைய நண்பர், சீட் கவர் கடைக்காரர். அவர் கார் சீட்டுக்கு உறை தைப்பவர். எஞ்சினைப் பற்றி அவர் பேசும்போது எனக்கு இது மறக்கவே மறக்காது. என் கணவருக்கு நினைவே வராது.

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் நாலைந்து பேர் கூடுவார்கள். பானெட்டைத் திறந்து வைத்துச் சுற்றி நிற்பார்கள். யாரும் எதையும் தொட மாட்டார்கள். உள்ளே யாரோ இறந்து கிடப்பதைப் பார்க்க வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு, இடையிடையே "ம்ம்" என்பார்கள். நான் டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருமுறை, என்ன பிரச்சினை என்று கேட்டுவிட்டேன்.

"சூடு பாபி, சூடு" என்றார் சீட் கவர் கடைக்காரர். பாபி என்றால் இந்தியில் அண்ணி. "டர்போ வெச்சா எஞ்சின் ரூம் அடுப்பு மாதிரி ஆயிடும். சூடு காத்தை எஞ்சின் குடிச்சா பவர் டவுன். சூட்டை வெளியே தள்ளணும். நீங்க டென்ஷன் ஆகாதீங்க, டென்ஷன் மத் லோ."

"எவ்வளவு பவர் குறையும்?"

"அது ஃபீல்ல தெரியும் பாபி."

ஃபீல். நான் இயற்பியல் படித்தவள். மகள் பிறக்கும்வரை ஒப்பந்த ஆசிரியையாகப் பதினொன்றாம் வகுப்புக்கு வெப்பம் பாடம் நடத்தியிருக்கிறேன். வெப்பம் மூன்று வழியில் நகரும் என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன். அந்த வாசலில் நின்ற எவரும் அந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். நாம் சொல்வது தவறாக இருந்துவிட்டால் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. வகுப்பில்கூட, எழுதிய விடையைப் பாடப் புத்தகத்தோடு இன்னொரு முறை சரிபார்த்த பிறகுதான் பலகையை விட்டு நகருவேன்.

என் கணவருக்கு மீன் அனுப்பும் நிறுவனத்தில் வேலை. கலவாவையும் சூரையையும் ஐஸோடு பெட்டியில் அடுக்கி விமானத்தில் சென்னைக்கு அனுப்புவார்கள். பெட்டிக்குள் ஐஸ் உருகாமலிருக்க, ஒரு பக்கம் வெள்ளியாக மினுங்கும் நுரை ஷீட்டை விரிப்பார்கள். குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய வாரம் அவர் அந்த ஷீட்டில் ஒரு சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இது எதுக்கு?"

"மெயின்லேண்ட்ல இதுக்குன்னு தனியா ஷீட் விக்குறான். ஆர்டர் போட்டா எந்தக் கப்பல்ல வரும்னு தெரியாது. இது போதும். ஐஸையே ஒரு நாள் முழுக்க உருகாம வெச்சிருக்கு டீச்சர். எஞ்சின் சூடு இதுக்கு எம்மாத்திரம்?"

டீச்சர் என்று அவர் என்னைக் கூப்பிட்டால், இனி நான் பேசக்கூடாது என்று அர்த்தம்.

ஐஸ் எரியாது. ஐஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளும் எரியாது. மீனைக் குளிராக வைத்திருப்பதற்காகச் செய்த நுரையைச் சிவக்கக் காயும் குழாய்க்கு ஒரு சாண் மேலே ஒட்டலாம் என்ற யோசனை, வாழ்நாள் முழுக்க மீன் பெட்டியையே பார்த்த ஒரு மனிதனுக்குத்தான் வரும். அவரும் சீட் கவர் கடைக்காரரும், சீட்டுக்குப் பஞ்சு ஒட்டுகிற பசையைத் தடவி, பானெட்டின் உட்பக்கம் முழுக்க அந்த ஷீட்டை ஒட்டினார்கள். எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டிலும் ஒட்டினார்கள். வெயிலில் அது பளபளத்தது. இருவரும் தள்ளி நின்று பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அதோடு விடவில்லை. பானெட்டின் பின் ஓரத்தில் கீல்களுக்கு அடியில் வாஷர்களை அடுக்கி, முன் கண்ணாடிப் பக்கம் இரண்டு விரல் அளவுக்குத் தூக்கி வைத்தார்கள். சூடு அந்த இடைவெளி வழியாக வெளியே போகுமாம். அங்கே குறுக்கே ஓடிய கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று காற்றுக்குத் தடையாக இருக்கிறது என்று பிடுங்கிப் போட்டார்கள். அது வாசலில் பாம்பு போலக் கிடந்தது. நல்ல கனமான ரப்பர். அதைத் துடைத்து எடுத்து, குளியலறைக் கதவுக்கு அடியிலிருந்த இடைவெளியில் வைத்தேன். மழை ஆரம்பித்தால் இங்கே அந்த வழியாகத்தான் பூரான் வரும். விரல் நீளத்துக்கு இல்லை, கை நீளத்துக்கு வரும். தவழும் வயதிலிருந்தே என் மகளுக்காக நான் அதிகம் பயந்தது கடலுக்கும் காய்ச்சலுக்கும் இல்லை, பூரானுக்குத்தான். அந்த வருடம் ஒரு பூரான்கூட உள்ளே வரவில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

என் மாமியார் ஃபெரார்கஞ்சில் இருக்கிறார். அங்கே ஒரு பாக்குத் தோட்டமும் ஓட்டு வீடும் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் அங்கே போவது வழக்கம். ஈஸ்டருக்குப் பிறகு போன முதல் பயணத்தில், சிப்பிகாட் தாண்டியதும் மகள் வாந்தி எடுத்தாள். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. அடுத்த பயணத்திலும் எடுத்தாள். மூன்றாவது பயணத்தில் எடுக்கவில்லை. தூங்கிவிட்டாள். வண்டியில் ஒருநாளும் தூங்காத பிள்ளை, கராச்சர்மா தாண்டுவதற்குள் தலை தொங்கிவிட்டது.

"பாத்தியா, என் வண்டி தொட்டில் மாதிரி" என்றார் அவர்.

ஃபெரார்கஞ்சில் இறக்கும்போது அவள் எழவில்லை. கன்னத்தைத் தட்ட வேண்டியிருந்தது. எழுந்ததும் அழுதாள், பிறகு வாசற்படியிலேயே கக்கினாள். மாமியார் சேலை முந்தானையால் அவள் வாயைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"ஏளா, வயிறு முட்டப் பாலக் குடுத்து வண்டில ஏத்துனா பிள்ள கக்காம என்ன செய்யும்?"

"ஒன்பது மணிக்குக் குடுத்தது மாமி."

"நான் ஆறு பெத்தவ. எனக்குச் சொல்லுதா" என்று பாக்கு மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த எண்ணெயை எடுத்துப் பிள்ளையின் நெற்றியிலும் தொப்புளிலும் தடவினார். கண் பட்டிருக்கிறது என்றார். யார் கண் என்று சொல்லவில்லை. என் கூடப் படித்தவள் ஒருத்தி அதற்கு முந்தைய வாரம் வீட்டுக்கு வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போனதை நான்தான் போனில் உளறியிருந்தேன்.

அடுத்த முறை காலையிலிருந்து பால் கொடுக்கவில்லை. பசித்த குழந்தையாகக் கூட்டிப்போனேன். வெறும் வயிற்றில் பித்தமாகக் கக்கினாள். மருத்துவரிடம் காட்டினோம். அவர் நல்லவர், வெளியே கூட்டம் நின்றது. வண்டியில் போகும்போது மட்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பயண வாந்தி, பல குழந்தைகளுக்கு உண்டு, வளர்ந்தால் போய்விடும் என்று ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். எந்த வண்டி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சிரப் குடித்தால் தூக்கம் வரும் என்று பாட்டிலில் போட்டிருந்தது. அதனால் அதற்குப் பிறகு அவள் வண்டியில் தூங்கியதெல்லாம் சிரப்பின் கணக்கில் போய்விட்டது. எனக்கும் தலை வலித்தது. அது என் கவலையின் கணக்கில் போனது. என் கணவருக்கு எதுவும் ஆகவில்லை. டர்போ விசில் அடிக்கும் சத்தம் கேட்க வேண்டும் என்று மழையிலும் தன் பக்கக் கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்துத்தான் அவர் ஓட்டுவார். பின் கண்ணாடிகளை நான் இறுக்க மூடி வைப்பேன். பிள்ளையின் காதில் காற்று அடிக்கக்கூடாது அல்லவா.

இன்னொன்றும் செய்தேன். ஏசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் உள்ளிருக்கும் காற்றே சுற்றும், மறுபக்கம் தள்ளினால் வெளிக்காற்று உள்ளே வரும். உள்காற்றிலேயே குழந்தையை வைத்திருப்பது நல்லதல்ல என்று போனில் எங்கோ படித்திருந்தேன். அதனால் ஒவ்வொரு முறையும் ஏறி உட்கார்ந்ததும் முன்னால் எட்டி அதை வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுவேன். அவர் உள்காற்றுக்குத் தள்ளுவார். நான் மறுபடி மாற்றுவேன். ஒரு நல்ல தாய் செய்ய வேண்டிய காரியம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

ஆடி மாதம் என் தங்கைக்கு உடம்பு முடியாமல் குட்வில் எஸ்டேட் பகுதியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு ஒரு வாரம் போய்த் தங்கினேன். அங்கிருந்து மகளோடு தினமும் ஆட்டோவில் அலைந்தேன். ஒருநாள் பஸ்ஸில் மீன் கூடைகளுக்கு நடுவே கராச்சர்மா வரை போனோம். கக்கவில்லை. தூங்கவில்லை. கூடையிலிருந்த இறாலை எண்ணிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஆட்டோல ஒண்ணும் ஆகலைங்க. பஸ்லயும் ஆகலை. நம்ம வண்டில மட்டும்தான்."

"ஆட்டோல காத்து வரும்."

"அதைத்தான் சொல்றேன்."

"டீச்சர், நீ இன்னைக்கு வண்டின்னு சொல்லுவே. நாளைக்கு நான்தான் காரணம்னு சொல்லுவே."

அதைச் சொல்ல நான் நாளை வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒருவேளை மாமியார் சொல்வது போலப் பால்தானோ, சிரப்தானோ, நான்தான் பயந்து பயந்து பிள்ளைக்கும் பயத்தை ஏற்றுகிறேனோ என்று மூன்று நாள் யோசித்தேன். கார் விஷயத்தில் நம் வீட்டு ஆண்கள் எவ்வளவு முட்டாள்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அவர்கள் முகத்திலிருக்கும் உறுதியைப் பார்த்தால் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிடும். அந்த உறுதிக்கு அடியில் ஒன்றும் இருக்காது. அதுவும் தெரியும்.

நாலாவது நாள் மதியம் மகள் தூங்கியபோது போனில் எங்கள் காரின் படத்தைத் தேடினேன், ஒட்டாமல் வெட்டாமல் கம்பெனி கொடுத்த நிலையில் பானெட்டைத் திறந்து எடுத்த படம். எதில் எது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பாகமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பின்னால், கண்ணாடிக்குக் கீழே, குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் பட்டை ஓடியது. நடுவில் ஒரு மடிப்பு, ஓரத்தில் நாலு குமிழ். அந்த நாலு குமிழையும் நான் தினமும் காலால் இடறியிருக்கிறேன்.

குளியலறைக் கதவடியில் கிடந்ததைக் கையில் எடுத்துப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். அதேதான்.

அது எதற்கு என்று புரிய எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணாடிக்கு அடியில்தான், கார் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் சல்லடை இருக்கிறது. எஞ்சினின் புகையும் சூடும் அந்தச் சல்லடைக்குப் போகாமலிருக்க நடுவில் ஒரு தடுப்பு, அதுதான் இந்த ரப்பர். அதைப் பிடுங்கி, பானெட்டையும் இரண்டு விரல் தூக்கி வைத்தால், பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது எஞ்சின் ரூமில் உள்ள எல்லாமும் நேராகச் சல்லடைக்குள் போகும். வெந்துகொண்டிருக்கும் மீன் பெட்டி நுரையும் சீட் பசையும் போகும். நான் எட்டி மாற்றி வைத்த நெம்புகோல் அதை உள்ளே அழைத்துவரும். மூடி வைத்த பின் கண்ணாடிகள் அதை வெளியே விடாமல் காக்கும். பசை, நுரை மட்டும்தானா, இல்லை புகைக்குழாய் எங்காவது கசிகிறதா? மணமே இல்லாத வாயு ஒன்று உண்டு, கார்பன் மோனாக்சைடு, பாடத்தில் வரும். தலை வலிக்கும், வாந்தி வரும், தூக்கம் வரும் என்று அந்தப் பாடத்தில் நானே அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பூரானுக்குப் பயந்தவள்.

மறுநாள் மழையால் விமானம் வரவில்லை. அவர் வீட்டில் இருந்தார். மகளைப் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவிடம் விட்டுவிட்டு, ஒரு சோதனை செய்ய வேண்டும் என்று சொன்னேன். முதலில் ஊதுவத்தி வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். பெட்ரோல் பக்கத்தில் நெருப்பா என்று நானே என்னைத் திட்டிக்கொண்டு, நீலகிரித் தைலத்தில் துணியை நனைத்தேன்.

"பானெட்டைத் திறங்க. இதை எஞ்சினுக்குப் பின்னால, சூடு படாத இடத்துல வைங்க. மூடுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க."

"எஞ்சினுக்குச் சளியா?"

"வைங்க."

வைத்தார். நான் வராந்தாவிலேயே நின்றுகொண்டேன். என் கையில் தைலம் மணக்கிறது, அதனால்தான் என்று பிறகு சொல்லக்கூடாதே. அவரை மட்டும் உட்காரச் சொல்லி, எல்லாக் கண்ணாடியையும் மூடச் சொல்லி, நெம்புகோலை வெளிக்காற்றுக்குத் தள்ளச் சொன்னேன். விசிறி ஓடியது. மழை கூரையில் அடித்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணாடிக்குள் அவர் மூக்கைச் சுளிப்பது தெரிந்தது. நெம்புகோலை மறுபக்கம் தள்ளினார், திரும்ப இந்தப் பக்கம் தள்ளினார். அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே வந்து கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் எதிர்பார்த்தது ஒரு சொல். எந்தச் சொல்லாக இருந்தாலும் போதும்.

"நீதானே எப்பவும் வெளிக்காத்துக்கு மாத்துவே?" என்றார்.

உண்மை. அதுதான் கொடுமை. அந்தக் காரியத்தில் அவர் கண்டுபிடித்துச் சொன்ன ஒரே உண்மை அது. அதைச் சொல்ல அவருக்கு அரை நிமிஷம்தான் ஆனது. ரப்பர் பட்டை எங்கே இருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"ஆமா. நான்தான் மாத்தினேன்" என்றேன். "இனிமே பிள்ளை இதுல ஏறாது."

"உள்காத்துல போட்டா போதுமே."

"உள்காத்துல போட்டா கொஞ்சமா வரும். அவளுக்கு எவ்வளவு கொஞ்சம் பரவாயில்லைன்னு உங்க சீட் கவர் டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க."

அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் எழுந்து போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் பானெட்டைத் திறந்தார். ஜன்னல் வழியே பார்த்தேன். வெள்ளி ஷீட்டில் நகத்தை வைத்துக் கீறினார். டர்போவுக்கு மேலே இருந்த பகுதி பழுப்பாகி, அப்பளம் போலக் குமிழ் விட்டுக் கருகியிருந்தது. கையோடு உரிந்து வந்தது. அதை முகர்ந்து பார்த்தார். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மெக்கானிக்கிடம் வண்டியை நான்தான் அனுப்ப வைத்தேன். புகைக்குழாய் டர்போவோடு சேரும் இடத்தை அடைக்கிற கேஸ்கெட்டின் ஓரமாகக் கறுப்புப் புகை படிந்திருக்கிறது, கசிவு உண்டு, புதியது கப்பலில் வர வேண்டும் என்றார். எவ்வளவு நாளாகக் கசிகிறது என்று கேட்டேன். அது தெரியாது என்றார் மெக்கானிக். என் கணவர் ஷீட்டை முழுக்க உரித்தார், வாஷர்களைக் கழற்றினார். ரப்பர் பட்டை கார்ஷெட் மூலையில் கிடைத்ததாகச் சொல்லிக் கொடுத்தேன். அதை மாட்டும்போது சீட் கவர் கடைக்காரர் வந்தார். "அரே பாய், இப்போ சூடு எங்கே போகும்?" என்று வருத்தத்தோடு கேட்டார். உங்க தலையில் ஏறும் என்று சொல்லத் தோன்றியது. டீ வேணுமா என்று கேட்டேன்.

அடுத்த ஞாயிறு நானும் மகளும் பஸ்ஸில் கிளம்பினோம். அவர் காரில் வந்தார். மாமியாருக்குக் கொண்டுபோக வேண்டிய அரிசி மூட்டை வேறு இருந்தது.

"சூடு ஏறினா ஹீட்டரைப் போடுங்க" என்றேன். "எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கும். சூட்டு மீட்டர் ஊசி இறங்கும். உள்காத்துல வைங்க, உங்க கண்ணாடியை முழுசா இறக்கி வைங்க."

"நம்ம ஊர்ல எவன் ஹீட்டர் போடுவான்?" என்று சிரித்தார்.

ஏற்றத்தில் பஸ் மூச்சு வாங்கியது. முந்த இடமில்லாமல் கார் எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. கடைசி சீட்டில் மண்டியிட்டு நின்ற மகள் பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி "அப்பா! அப்பா!" என்று கத்தினாள். நாலு கண்ணாடியும் இறக்கிய காரில் அவர் முகம் சிவந்து, சட்டை நெஞ்சோடு ஒட்டிப்போய், ஒரு கையால் தோள் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊசி ஏறியிருக்க வேண்டும். ஹீட்டர் போட்டிருக்க வேண்டும். எஞ்சின் ரூமிலிருந்து அவர் மாதக்கணக்காக விரட்டிய சூடெல்லாம் மடியில் வந்து உட்கார்ந்திருந்தது. துஷ்னாபாத் வரை அப்படியே வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. பக்கத்திலிருந்த பெங்காலி அம்மா என்னைப் பார்த்து அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

ஃபெரார்கஞ்சில் மகள் என் கையை உதறிவிட்டு வாசலுக்கு ஓடினாள். மாமியார் அவளைத் தூக்கி, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கக்கலையா?"

"இல்ல மாமி."

"எண்ணெய் வேல செஞ்சிருக்கு" என்றார்.

நான் செருப்பைக் கழற்றிப் படியேறினேன். உள்ளே என் கணவர் துண்டால் தலையைத் துவட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தார். "பாய், நான் கண்டுபிடிச்சிட்டேன். கண்ணாடிகிட்ட காத்து உள்ளே அமுக்கும், வெளியே போகாது. பின்னாடி தூக்கவே கூடாது. அப்புறம் ஹீட்டர் போட்டா ஊசி தானா இறங்கும்..." கண்டுபிடித்தாராம். காற்று விஷயத்தை நான் அவரிடம் விளக்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது, ஹீட்டரைப் பற்றிச் சொன்னது அன்று கிளம்பும்போது. ஒவ்வொரு சொல்லும் என்னுடையது, 'பாய்' தவிர.

சாப்பாடு முடிந்து கிளம்பும் நேரத்தில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் சாவியைச் சுழற்றினார்.

"திரும்பிப் போகும்போது வண்டியிலேயே போயிடலாம். எல்லாம்தான் சரி பண்ணியாச்சே."

"கேஸ்கெட் வரலை."

"ரப்பர் போட்டாச்சு. ஷீட் எடுத்தாச்சு. உள்காத்துல வெச்சு நாலு கண்ணாடியும் இறக்கிட்டுப் போலாம்."

"மழை வருதே."

"கொஞ்சம் நனைஞ்சா என்ன?"

மகள் காரின் பின் கதவில் தொங்கிக்கொண்டு "அப்பா வண்டி, அப்பா வண்டி" என்று குதித்தாள். மாமியார் வாசலில் நின்று எங்கள் மூவரையும் பார்த்தார்.

"புருஷன் காரு வாசல்ல நிக்கும்போது பிள்ளையத் தூக்கிட்டு மழையில பஸ்ஸுக்கு ஓடுத பொம்பளைய நான் இப்பத்தான் பாக்குதேன்."

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏறி உட்கார்ந்துவிடுவேன். நாலு கண்ணாடி இறக்கினால் போதாதா, ரப்பர் இருக்கிறதே, இவ்வளவு தூரம் எதிர்த்துப் பேசினால் பெரியவர்கள் என்ன நினைப்பார்கள், நான்தான் மிகைப்படுத்துகிறேனோ. எல்லாம் மனதில் வரிசையாக வந்தன. இப்போதும் எனக்கு உறுதி இல்லை. அன்றும் இல்லை. அந்தக் கசிவு எவ்வளவு, அது எத்தனை மாதம் உள்ளே வந்தது, அது என் பிள்ளைக்கு என்ன செய்தது, எதையும் யாரும் எனக்குச் சொல்லப் போவதில்லை. இப்போதும் அவள் ஒரு சொல்லைத் தேடித் திணறும்போதெல்லாம் நான் அந்தப் பயணங்களை எண்ணிப் பார்க்கிறேன். உறுதி வரும்வரை காத்திருந்தால் நான் எப்போதும் அந்தப் பின் சீட்டில்தான் இருப்பேன் என்பது மட்டும் தெரிந்தது.

"கப்பல் வரட்டும்ங்க. மெக்கானிக் கையால போட்டதும் திரும்ப தைலம் வெச்சுப் பாப்போம். அதுவரைக்கும் இவ ஏற மாட்டா" என்றேன். மாமியாரிடம், "வரேன் மாமி" என்றேன்.

மகளைக் கார் கதவிலிருந்து பிய்த்தெடுத்தேன். அவள் அலறினாள், என் கழுத்தில் அறைந்தாள். குடைக்குள் பாதி நனைந்து நிறுத்தத்துக்கு ஓடினோம். பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது, பிறகு ஒருவர் எழுந்து கொடுத்தார். அவள் ஒரு மணி நேரமும் ஓயவில்லை. அப்பா எங்கே, மழை எங்கே போகுது, அந்த மாமா ஏன் வழுக்கை, எனக்கு அந்த சீட் வேணும். கண்டக்டரின் விசிலைப் பிடுங்கப் பார்த்தாள். என் முடியை இழுத்தாள். முன் சீட்டில் இருந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்து "பேட்டா, சுப்" என்று வாயில் விரல் வைத்துக் காட்டினார். என் கை வலித்தது, முழங்கால் வலித்தது, மண்டை இடித்தது. டெய்ரி ஃபார்மில் இறங்கும்வரை அவள் கண்ணை மூடவே இல்லை. நான் அவளை ஒரு முறைகூட அதட்டவில்லை.